‘லாபி’க்கும் லாபத்துக்கும் சம்பந்தம் உண்டா?

தேன்சிட்டு:
ஹோட்டலில் லாபி. நாடாளுமன்றத்தில் லாபி. “அந்தத் தொழிலின் லாபி பலமானது” என்று செய்தித்தாளில் லாபி. கபடி ஆடுகளத்தின் ஓரத்தில் லாபி. ஆன்லைன் கேமில் ஆள் சேரும்வரை காத்துக்கிடக்கும் இடமும் லாபி. எல்லாம் ஒரே சொல்தானா, இல்லை ஒலி மட்டும் ஒத்துப்போன வேறு வேறு சொற்களா? இரண்டு விளக்கங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. லாபம் தேடி அலைவதால் லாபி என்பது ஒன்று. அமெரிக்க அதிபர் கிரான்ட் மாலை நேரத்தில் ஒரு ஹோட்டல் முகப்பில் சுருட்டுப் பிடிக்க உட்காருவார், அங்கே வந்து மொய்த்த மனுதாரர்களுக்கு அவர் வைத்த பெயர்தான் ‘லாபியிஸ்ட்’ என்பது இன்னொன்று. எது சரி?

சொற்கிடங்கு:
இரண்டுமே இல்லை. லாபத்தை முதலில் கழித்துவிடலாம். அது ‘பெறு, அடை’ என்று பொருள்படும் சமஸ்கிருத வேரிலிருந்து நமக்கு வந்தது. லாபி ஐரோப்பாவில் வேறு வழியாக வந்த சொல். அதன் அடியில் இருப்பது காசு இல்லை, இலை.

ஜெர்மன் மொழியில் ‘லௌப்’ என்றால் இலைதழை. ஆங்கிலத்தில் இலையைக் குறிக்கும் ‘லீஃப்’ அதன் உடன்பிறப்பு. தழை வேய்ந்த பந்தல், நிழல் கொட்டகை என்ற பொருளில் அந்த வேரிலிருந்து பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று பிறந்தது; இன்றைய ஜெர்மனில் தோட்டத்துக் கொடிப்பந்தலை ‘லௌபே’ என்பது அதன் நேர் வாரிசு. அதை இடைக்கால லத்தீன் ‘லோபியா’, ‘லோபியும்’ என்று எடுத்துக்கொண்டு, மடாலயங்களில் கூரை போட்ட நடைபாதைக்குப் பெயராக வைத்தது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் தென்படுவது 1550-களில், இதே மடாலயப் பொருளில். 1590-களுக்குள் பெரிய வீடுகளின் முன்கூடத்துக்கும், அறைகளை இணைக்கும் இடைவழிக்கும் அது பெயராகிவிட்டது. 1640 வாக்கில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் முன்கூடத்துக்கும் வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் இன்றும் சாதாரண வீட்டு நடையை லாபி என்றே சொல்வார்கள். ஹோட்டலெல்லாம் மிகவும் பிந்தியது.

இதே வேர் இன்னொரு பாதையிலும் போயிருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘லோஜ்’ ஆனது. தியேட்டரில் தனி அடைப்பாக இருக்கும் உயர்தர இருக்கைக்கு அங்கே இன்றும் அதுதான் பெயர். அது ஆங்கிலத்துக்குப் போய் ‘லாட்ஜ்’ ஆனது. கல்தச்சர்கள் வேலையிடத்தில் போட்டுக்கொண்ட கொட்டகையும் லாட்ஜ்தான். ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தினர் தங்கள் கிளைகளை லாட்ஜ் என்பது அங்கிருந்து வந்தது. இத்தாலியில் ‘லோஜியா’, ஒரு பக்கம் திறந்த தூண் மண்டபம். வலென்சியாவின் பட்டு வணிக மண்டபத்துக்குப் பெயர் ‘லோட்ஜா’. 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கடைகளுக்கு முன்னால் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும் கூரை நடைபாதைகளை ஊரார் ‘லௌபன்’ என்கிறார்கள்.

ஆக, “லாட்ஜ் லாபி” என்றால் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறோம்.

கடற்பாசி:
ஒன்றைப் பட்டியலிலிருந்து வெளியே வைத்துவிடுங்கள். இங்கிலாந்தின் வடக்கு ஸ்டாஃபர்ட்ஷயரில், பீங்கான் தொழில் ஊர்களில், ‘லாபி’ என்பது கறியும் உருளைக்கிழங்கும் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்ட குழம்பு. இதற்கும் இலைக்கும் தொடர்பு கிடையாது. மாலுமிகளின் ‘லாப்ஸ்கௌஸ்’ என்ற பதார்த்தத்தின் சுருக்கம்: உப்பிட்ட இறைச்சி, வெங்காயம், கெட்டியாக்கக் கப்பல் பிஸ்கட். ஹாம்பர்க்கில் கிடைக்கும் ‘லாப்ஸ்கௌஸ்’ இதே குடும்பம். லிவர்பூல்காரர்களை ‘ஸ்கௌசர்’ என்பது இதே பெயரின் பின்பாதி. ஸ்டாஃபர்ட்ஷயர் முன்பாதியை வைத்துக்கொண்டது.

அவைக்குறிப்பு:
அரசியல் பொருள் எப்படி வந்தது என்று புரிய, காமன்ஸ் சபையின் லாபி எதற்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டும். உறுப்பினர் அல்லாத ஒருவர் உள்ளே வந்துபோகக்கூடிய கடைசி எல்லை அதுதான். மனு, புகார், கடன் பாக்கி, வேலை சிபாரிசு என்று வருகிறவர்கள் அங்கே நின்று, கதவு திறக்கும்போது தங்கள் ஆளைப் பிடிப்பார்கள். 1812 மே 11 அன்று பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த லாபியில்தான். சுட்ட ஜான் பெல்லிங்ஹாம் ஒரு வணிகர். ரஷ்யாவில் சிறைப்பட்டதற்கு அரசிடம் இழப்பீடு கேட்டு மனு மேல் மனு போட்டுத் தோற்றவர். அப்படிப்பட்ட ஒருவர் லாபியில் நிற்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள்.

அதே லாபிக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஓட்டு எண்ணுவது. 1836-க்கு முன்னால் ஒரே லாபிதான். வாக்கெடுப்பு என்றால் ஒரு தரப்பு எழுந்து லாபிக்குப் போகும், மற்றது உட்கார்ந்தே இருக்கும். இதில் ஒரு கோளாறு உண்டு. சபையில் எல்லா உறுப்பினர்களுக்கும் போதிய இருக்கை கிடையாது, எழுந்து போனால் இடம் பறிபோகும். அதனால் சோம்பேறி ஓட்டெல்லாம் உட்கார்ந்திருக்கும் தரப்புக்கே சாய்ந்தது. 1834 அக்டோபர் 16 தீ விபத்தில் பழைய அரண்மனை எரிந்தபின், தற்காலிகக் கூடத்தில் இரண்டாவது லாபி கட்டினார்கள். 1836 முதல் இரு தரப்பும் எழுந்து நடக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப் பட்டியலைச் சபையே அச்சிடத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.

இன்றைய நடைமுறை இது. குரல் வாக்கில் தகராறு எழுந்தால் சபாநாயகர் “டிவிஷன், லாபியைக் காலி செய்யுங்கள்” என்பார். வெளியாட்கள் நிறைந்திருந்த காலத்தின் மிச்சம் அந்த வாசகம். மணி அடிக்கும். இரண்டு நிமிடம் கழித்து கேள்வி மறுபடி வைக்கப்படும், தரப்புக்கு இருவராக நான்கு எண்ணுநர்களின் பெயர் அறிவிக்கப்படும். எட்டாவது நிமிடத்தில் கதவுகளைப் பூட்டச் சொல்வார். ஆதரவு லாபி அவருக்கு வலப்பக்கம், எதிர்ப்பு லாபி இடப்பக்கம். பெயர் பதிவு 2020 முதல் அட்டை வருடும் கருவியில் நடக்கிறது. எண்ணுநர்கள் மேசை முன் நான்கு பேராக வரிசையில் வந்து நிற்பார்கள். ஜெயித்த தரப்பின் ஆள்தான் எண்ணிக்கையை வாசிப்பார், ஆகவே யார் வாயைத் திறக்கிறார் என்பதிலேயே முடிவு தெரிந்துவிடும். எண்ணுநர் நால்வரின் ஓட்டு மொத்தத்தில் சேராது. கூட்டிப் பார்த்துக் கணக்கு இடிக்கிறதே என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு உறுப்பினர் இரண்டு லாபியிலும் நடக்கலாம். தவறான பக்கம் போய்விட்டால் மற்றதிலும் நடந்து சமன் செய்துகொள்வார். பழைய ஓட்டு அழியாது, இரண்டும் பதிவாகும்.

தேன்சிட்டு:
அப்படியென்றால் கிரான்ட்?

பழங்கணக்கு:
கிரான்ட் பிறந்தது 1822. நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில், சட்டமன்ற முன்கூடத்தில் சலுகை கேட்டுச் சுற்றியவர்களை ‘லாபி ஏஜென்ட்’ என்று எழுதத் தொடங்கியது 1820-களின் இறுதியில். அப்போது அவருக்கு ஏழு வயது. அதிபரானது 1869-ல். வாஷிங்டனில் வில்லர்ட் என்ற ஹோட்டல் உண்மை, அவருடைய சுருட்டும் உண்மை, பெயர் சூட்டியது மட்டும் கதை. ஹோட்டலுக்கு விளம்பரம் என்பதால் அந்தக் கதைக்குச் சாவு இல்லை.

கிரான்ட் கதையைவிட ருசியான காரணம் கட்டடத்தில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் சாதாரண உறுப்பினருக்குத் தனி அலுவலகம் கிடையாது. அவையில் ஒரு மேசை, தங்குவது விடுதியில், அவ்வளவுதான். பிரதிநிதிகள் சபைக்கான அலுவலகக் கட்டடம் திறந்தது 1908-ல், செனட்டுக்கு 1909-ல். அதுவரை ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் அவை வாசல் கூடம், இல்லாவிட்டால் விடுதிக் கூடம். இடத்தின் பெயர் அங்கே நிற்கும் கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு அவர்கள் செய்யும் வேலைக்கு. சாமுவேல் வார்ட் என்பவர் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் விருந்து வைத்தே காரியம் முடித்து ‘லாபியின் ராஜா’ என்று பெயர் வாங்கினார். அவர் காலத்துக்குள் ‘லாபி’ என்று சொன்னால் சுவர் நினைவுக்கு வருவது நின்றுபோயிற்று.

பிரிட்டனில் பொருள் வேறு பக்கம் ஒதுங்கியது. அங்கே செய்தித்துறையில் ‘லாபி’ என்றால் நாடாளுமன்ற அரசியல் செய்தியாளர் குழு. உறுப்பினர்கள் கூடும் அந்தக் கூடத்துக்குள் போக அனுமதி பெற்றவர்கள் என்பதால் அந்தப் பெயர். ‘லாபி நிபந்தனை’ என்றால் தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் பெயரை வெளியிடக்கூடாது. பிரிட்டிஷ் பத்திரிகையில் “லாபி கோபத்தில் இருக்கிறது” என்று வந்தால் தொழிலதிபர்களைத் தேடாதீர்கள், நிருபர்களைப் பற்றிய செய்தி அது.

முள்வேலி:
சுற்றி வளைப்பானேன். லஞ்சத்துக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிட்டால் லாபி. வேர் இலையாக இருந்தால் என்ன, மரமாக இருந்தால் என்ன?

விதிப்புத்தகம்:
கோபம் புரிகிறது. ஆனால் சட்டம் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது, அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஓட்டை என்றும் தெரியும். ஒரு குறிப்பிட்ட அரசுச் செயலுக்குக் கைமாறாகப் பொருள் கொடுத்தால் லஞ்சம். சம்பளம் வாங்கிக்கொண்டு அதிகாரியிடம் ஒரு தரப்பின் வாதத்தை எடுத்துச் சொன்னால் லாபியிங். அமெரிக்காவில் அரசிடம் முறையிடும் உரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருப்பதால் இதைத் தடை செய்ய முடியாது, வெளிச்சத்தில் செய் என்று மட்டும் சொல்ல முடியும்.

முதல் முயற்சி 1946 சட்டம். சட்டமியற்றலில் செல்வாக்குச் செலுத்துவது யாருடைய ‘முதன்மை நோக்கமோ’ அவர்களுக்கு என்றது; அந்தச் சொல் வழுவழுவென்று இருந்தது. 1954-ல் உச்ச நீதிமன்றம், உறுப்பினர்களிடம் நேரடியாகப் பேசுவது மட்டுமே அதில் அடங்கும் என்று சுருக்கிவிட்டது. உறுப்பினரின் உதவியாளரிடம் பேசினால் கணக்கில் வராது என்றாகிவிட்டது. மசோதா வரைவு எழுதுவதோ அந்த உதவியாளர்தான். 1995 சட்டம் உதவியாளர்களையும் நிர்வாக அதிகாரிகளையும் உள்ளே கொண்டுவந்தது. 2007-ல் கெடுக்களும் தண்டனையும் இறுகின.

இப்போது நடைமுறை இப்படி. ஒரு வாடிக்கையாளருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பு, அத்துடன் மூன்று மாதத்தில் அந்த வாடிக்கையாளருக்குச் செலவிட்ட நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் லாபி வேலை, இரண்டும் சேர்ந்தால் நீங்கள் லாபியிஸ்ட். வருவாய், செலவுக்கான குறைந்தபட்ச வரம்பைத் தாண்டியிருந்தால் 45 நாளுக்குள் பதிவு. பிறகு காலாண்டு அறிக்கை, காலாண்டு முடிந்த 20-ம் நாளுக்குள்: எந்தப் பிரச்சினை, எந்த மசோதா, எந்த அவை அல்லது துறை, எவ்வளவு பணம் (10,000 டாலருக்கு முழுமையாக்கி). அரசியல் நன்கொடைகளுக்கு அரையாண்டு அறிக்கை தனி.

வழக்கமாகச் சறுக்கும் இடம் அந்த 20 சதவீதம். பேசிய நேரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். தொடர்புக்காகச் செய்த ஆய்வு, குறிப்பு தயாரித்தல், திட்டம் போடுதல் எல்லாமே லாபி வேலையில் சேரும். தெரிந்தே ஏய்ப்பவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள்: ‘ஆலோசகர்’ என்று அட்டை அடித்துக்கொண்டு, தான் பேசாமல் யாரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்து, பதிவு வரம்புக்குக் கீழே நின்றுவிடுவது. இன்னொரு பெரிய ஓட்டை, எந்த உறுப்பினரைச் சந்தித்தீர்கள் என்று பெயர் எழுத வேண்டியதில்லை. ‘செனட்’ என்று போட்டால் போதும்.

சிலே நாட்டின் 2014 சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே சந்திப்பைப் பதிவு செய்து வெளியிடும் கடமை அதிகாரியின் தலையில். என் கணிப்பில் அதுதான் உருப்படியான வழி. ஏய்க்க நினைப்பவரை நம்பி ஏட்டை அவர் கையிலேயே கொடுப்பதில் என்ன இருக்கிறது? பிரிட்டனின் 2014 சட்டம் எதிர்க்கோடி. மற்றவருக்காகக் கூலிக்குப் பேசும் வெளி ஆலோசகர்களுக்கு மட்டும், அதுவும் அமைச்சர்களையும் துறையின் தலைமைச் செயலரையும் தொடர்புகொண்டால் மட்டும் பதிவு. நிறுவனத்தின் சொந்த ஊழியர் அதே வேலையைச் செய்தால் ஏட்டில் பெயர் வராது.

முள்வேலி:
அந்தச் சிலே சட்டம் தெரியாது. சரி, பாதி வாபஸ்.

ரெய்டர்_11:
கபடிக்கு வருவோம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் இரு ஓரமும் ஒவ்வொரு மீட்டர் லாபி. தொடுகை நடக்கும்வரை ஆட்டம் நடுவிலுள்ள 8 மீட்டருக்குள் மட்டும், லாபி என்பது வெளியே. ரெய்டர் யாரையும் தொடாமல் அதில் கால் வைத்தால் அவுட். தொட்டோ பிடிபட்டோ விட்டால் அந்த நொடியே லாபி உள்ளே சேர்ந்துவிடும், களம் முழு 10 மீட்டர் ஆகிவிடும்.

தகராறு வருவது ஒரே இடத்தில்தான்: தொடுகை முதலில் நடந்ததா, கால் முதலில் விழுந்ததா? ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரரின் விரல்நுனியில் பட்டும் படாமலும் உரசி ரெய்டர் லாபிக்குள் பாயும்போது, கோட்டு நடுவர் காலைப் பார்ப்பார், கள நடுவர் கையைப் பார்ப்பார், இரண்டும் ஒரே நொடியில். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா–ஈரான் ஆண்கள் இறுதியாட்டம் நின்றுபோனது இதில்தான். ரெய்டர் தொடாமல் லாபிக்குள் போனார், தடுப்பாளர்களும் பின்னாலேயே பாய்ந்தார்கள். ரெய்டர் மட்டும் அவுட்டா, பின்தொடர்ந்தவர்களுமா என்பதில் பழைய விதியும் புதிய விதியும் மோதின. நெடுநேரச் சச்சரவுக்குப்பின் ஆட்டம் முடிந்து, இந்தியா 33–29 என்று தங்கம் வென்றது.

இந்தப் பொருளும் முன்கூடத்திலிருந்து வந்ததா?

சொற்கிடங்கு:
கபடிக்கு அந்தப் பெயரை வைத்தவர் என்ன நினைத்தார் என்பதற்குப் பதிவு எதுவும் நான் பார்த்ததில்லை. பொருள் மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது: உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, அனுமதி கிடைத்தபின் உள்ளே. கேம் லாபியும் அப்படியே. அது கட்டடப் பொருளிலிருந்து நேராக எடுத்தது.

மூன்றாம்தளம்:
கட்டடத்தில் இந்தப் பெயர்களைக் கலந்தடிக்கிறார்கள், பிரித்துச் சொல்கிறேன். வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவிலுள்ள சின்னக் காற்றடைப்பு ‘வெஸ்டிபியூல்’. அதைத் தாண்டிய கூடம் லாபி. ‘ஃபாயே’ தியேட்டர் வழக்கு. பிரெஞ்சில் கணப்பு அடுப்பைக் குறித்த சொல்.

காற்றடைப்பு அழகுக்கு இல்லை. உயரமான கட்டடத்தில் குளிர்காலத்தில் சூடான காற்று லிஃப்ட் குழி வழியே மேலேறும். கீழே வாசல் திறந்ததும் குளிர்காற்று உள்ளே பீறிடும். 1888-ல் வான் கன்னல் காப்புரிமை பெற்ற சுழற்கதவு இந்த இழுப்பை மட்டுப்படுத்தும், ஏனென்றால் அது எப்போதும் மூடியே இருக்கும் கதவு. இரட்டைக் கதவு வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காத அளவு இடைவெளி வேண்டும். அமெரிக்க அணுகல் விதிப்படி இடையே குறைந்தது 1,220 மில்லிமீட்டர், அதோடு உள்ளே திறக்கும் கதவின் அகலத்தையும் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலை விட்டுவிட்டு வரைந்தால் சக்கர நாற்காலி நடுவில் மாட்டிக்கொள்ளும், பின்கதவை மூடவும் முடியாது, முன்கதவைத் திறக்கவும் முடியாது.

தீயணைப்பு லாபி என்பது வேறு: மாடிப்படிக்கும் தளத்துக்கும் நடுவில் தீ தாங்கும் சுவரும் கதவும் கொண்ட அறை. பிரிட்டிஷ் தரக்குறிப்பில் குறைந்தது 5 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 1.5 மீட்டருக்குக் குறையாமல். புகை படிக்கட்டுக்குள் போகாமல் தடுப்பது அதன் முக்கிய வேலை. குடியிருப்பவர் கதவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தால், சைக்கிளைக் கொண்டுவந்து சாத்தினால், அந்த வேலை போச்சு.

வானுயர் கட்டடத்தில் ‘ஸ்கை லாபி’ உண்டு. நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் 44, 78-ம் தளங்களில் இருந்தது. விரைவு லிஃப்டில் அங்கே போய் உள்ளூர் லிஃப்டுக்கு மாறுவது. ஒரே குழியில் மேலும் கீழுமாகத் தனித்தனி லிஃப்டுகள் ஓட்டலாம் என்பதால் தளப்பரப்பு மிச்சம்.

தேன்சிட்டு:
கடைசியாக ஒன்று. மொழிபெயர்க்கும்போது எதைப் போடுவது? ‘லாபி’ என்றே விடலாமா?

அவைக்குறிப்பு:
இடத்தைப் பொறுத்தது. கட்டடமென்றால் ‘முன்கூடம்’ தாராளமாகப் போதும். சபை வாக்கெடுப்பில் ‘லாபி’ என்றே விடுங்கள், முன்கூடம் என்று போட்டால் எந்தக் கூடம் என்று குழப்பம் வரும். “லாபி செய்தார்கள்” என்று வந்தால் என்ன செய்தார்கள் என்று பிரித்து எழுதுங்கள்: அமைச்சரைச் சந்தித்து வற்புறுத்தினார்களா, உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டினார்களா, திருத்தத்தை எழுதிக் கொடுத்தார்களா. ‘தரகு’ என்று போடாதீர்கள். மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டு உள்ளே வந்துவிடும்.

ரெய்டர்_11:
கபடியில் கை வைக்காதீர்கள். அங்கே லாபி லாபிதான்.